சாம்பலின் விலையும் அமிலத்தின் அளவும்

காரக் கரைசல் ஒன்றில், வலிமை அறியப்பட்ட அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, இரண்டும் ஒன்றையொன்று முறித்துத் தீரும் கணத்தில் செலவாகியிருக்கும் அமிலத்தின் அளவிலிருந்து காரத்தின் செறிவைக் கணிப்பது தரம்பார்த்தல் எனப்படும். பள்ளி ஆய்வகங்களில் பழகிப்போன இம்முறை, 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் லினன் துணி வெளுத்தவர்களின் விலைக் கவலையோடு நெருங்கிப் பிறந்தது.

துணி வெளுக்கத் தேவைப்பட்ட பொட்டாசு என்பது, மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்து, அந்நீரை வற்றக் காய்ச்சும்போது எஞ்சும் உப்பாகும். அதில் பயன்தரும் பொருள் பொட்டாசியம் கார்பனேட்டே என்பதாலும், அதன் பங்கு சரக்குக்குச் சரக்கு மாறியதாலும், எடையை நம்பி வாங்கியவர் ஏமாறுவது எளிதாயிருந்தது. எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம், 1756இல் வெளியிட்ட வெளுப்புத்தொழில் நூலில், சாம்பலுப்பின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டியால் ஊற்றி, நுரை அடங்கும்வரை சென்ற கரண்டிகளை எண்ணி அதன் வலிமையை ஒப்பிட்டார். கரண்டி துல்லியமான கருவி அன்று. ஆயினும் எடையை விடுத்து வினைபுரியும் திறனை அளக்கும் எண்ணம் அதில் தெளிவாகவே இருந்தது.

அதைச் செம்மையாக்கியவர் வில்லியம் லூயிஸ். அமெரிக்கப் பொட்டாசு பற்றி 1767இல் எழுதிய அவர், முடிவை நெருங்குகையில் நுரை மெல்லத் தளர்வதால் அது நம்பத்தக்க அடையாளமாகாது என்று கண்டு, லிட்மஸ் தோய்ந்த தாளின் நிறமாற்றத்தைக் கொண்டார்; தூய பொட்டாசியம் கார்பனேட்டைக் கொண்டு அமிலத்தின் வலிமையை முன்னதாகவே நிறுவி, செலவான அமிலத்தை நிறுத்தும் பார்த்தார். நிறங்காட்டி, தர அமிலம் என்னும் இரு தூண்களும் இவ்வாறு ஒருவர் கையிலேயே அமைந்துவிட்டன என்பதை நோக்க, இவருக்கு வேதியியல் வரலாறு தந்திருக்கும் இடம் சிறிதே எனலாம்.

எடைக்குப் பதில் பருமனை அளக்கும் பழக்கம் பிரான்சில் வேரூன்றியது. ரூவான் நகரின் தெக்ரோய்சீல் 1806இல் அளவுக்கோடிட்ட கண்ணாடிக்குழாயைக் காரமானியாக அறிமுகப்படுத்த, கே-லூசாக் 1828இல் அம்முறையைத் திருத்தியமைத்தார். ஜெர்மானியரான மோர் 1855இல் வெளியிட்ட பாடநூல் அதனைப் பரவலாக்கியது.

1870களில் வந்த செயற்கைச் சாயங்கள் பழைய சரக்கில் புதிய நுணுக்கத்தைக் காட்டின: கார்பனேட் கரைசலில் ஃபீனால்ஃப்தலீன், கார்பனேட் பைகார்பனேட்டாக மாறிய பாதிவழியிலேயே நிறமிழக்க, மெத்தில் ஆரஞ்சு வினை முழுதும் முடிந்த பின்னரே நிறம் மாறியது, ஆகவே இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தி, ஒரே கரைசலில் கலந்திருக்கும் ஹைட்ராக்சைடையும் கார்பனேட்டையும் தனித்தனியே கணிக்க முடிந்தது.