தோணியும் கள்ளத்தோணியும்

பதுளை கடலுக்கு வெகுதொலைவில், மலைகள் சூழ அமைந்தது. ஆயினும் பசறை, அப்புத்தளை, மடுல்சீமை முதலிய இடங்களின் தோட்டத் தமிழ்மக்கள் நெடுங்காலம் கேட்டுவந்த வசைச்சொல் ஒரு கடற்சொல்லாகும். 'கள்ளத்தோணி' என்னும் அச்சொல்லின் வரலாறு ஆராயற்பாலது.

தோணி பழஞ்சொல். 'தோண்டு' என்னும் வினையோடு தொடர்புறுத்தி, மரத்தைக் குடைந்து ஆக்கியது எனப் பொருள்கொள்வார் உளர். மரத்தொட்டியைக் குறிக்கும் 'துரோணி' என்ற வடசொல்லோடு ஒப்பிடுவாரும் உளர். எவ்வாறாயினும் குடைந்த மரமே அதன் அடிப்படைப் பொருள் எனலாம். மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் இச்சொல் உண்டு. மாலைதீவிலும் படகு 'தோனி'யே. சீகாழிக்குத் தோணிபுரம் என்பது மற்றொரு பெயர். ஈழத்தின் வடகரையிலோ பொருள் இன்னும் விரிந்தது. பாய்மரங் கட்டிப் பெருங்கடல் கடந்த கலங்களையும் அங்குத் தோணி என்றே வழங்கினர். வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கலம் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையை அடைந்ததென்றால், அக்கரையோரின் கலைத்திறன் கூறாமலே விளங்கும்.

கள்ளச்சாவி, கள்ளநோட்டு என்பனபோல, களவாகப் பாக்குநீரிணை கடந்த படகு கள்ளத்தோணியாயிற்று. பின்னர் அப்படகின் பெயர் அதில் வந்தவனுக்கு ஆகிவந்தது. இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். சிங்களமும் இத்தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டது. ஆனால் ஆகுபெயருக்குத் தொடர்பு ஒன்று வேண்டுமன்றோ? தோட்டமக்களுக்கும் அப்படகுக்கும் இருந்த தொடர்பு யாது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தோர் பாய்க்கலங்களில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். வழியிலே மடிந்தோர் பலர். அவர்கள் வந்தது தோணியில்தான். எனினும் துரைமாரின் தேவைக்காகக் கங்காணிமார் வெளிப்படையாகவே அழைத்துவந்தனர். அதிற் கள்ளம் ஏது? பிற்காலத்தோரின் கழுத்திலோ தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்துண்டு தொங்கியது. மண்டபம் முகாமிலே நோய்த்தடைக் காவல். 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல். 1924இற் பதுளைவரை புகைவண்டி. இவ்வளவு கணக்கோடு கொண்டுவரப்பட்டவர் இந்நாட்டில் வேறு எவர்?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. கடவுச்சீட்டின்றிக் களவாக வந்தவனைச் சுட்டிய சொல், இங்கே மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்மீதும் ஒட்டிக்கொண்டது. சட்டம் பிறந்த பின்னரே 'கள்ளம்' பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. பதுளைப் புகையிரத நிலையத்தில் அழுகுரலோடு விடைபெற்றவர்கள் தலைமன்னாரில் ஏறியதும் தோணியிலன்று. 'இராமானுஜம்' என்னும் கப்பலிலே, கையிற் கடவுச்சீட்டுடன் ஏறினர். 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது. இங்கே எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை வழங்கியது. அவர்களுள் நமுனுகுலை மலைச்சாரலிற் பிறந்து, கடலையே கண்டறியாத முதியோரும் இருந்தனர்.