உலகப் போரை எந்தக் கரையிலிருந்து படிப்பது?

போன பொங்கலுக்குக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் சித்தி பையன். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. ‘டன்கிர்க்’, ‘ஓப்பன்ஹைமர்’ எல்லாம் இரண்டு மூன்று தடவை பார்த்தவன். ஜெர்மன் டாங்கிகளின் மாடல் நம்பர் வரைக்கும் அத்துப்படி. “அண்ணா, வேர்ல்ட் வார் பத்தி நல்ல புக்ஸ் சொல்லேன்” என்றான்.

அவன் வயதில் நானும் அப்படித்தான். ஆன்டனி பீவரின் ‘ஸ்டாலின்கிராட்’, பார்பரா டக்மனின் ‘தி கன்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’ என்று தேடித் தேடிப் படித்தேன். இரண்டும் பிரமாதமான புத்தகங்கள், இன்றைக்கும் சிபாரிசு செய்வேன். ஆனால் வோல்கா நதிக்கரையில் நடந்த சண்டையைத் தெருத் தெருவாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, எங்கள் ஆயாவின் அண்ணன் எங்கே செத்தார் என்று தெரியாது. மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர். “ஜப்பான்காரன் காலத்துல ரயில் ரோடு போட இழுத்துக்கிட்டுப் போனானுங்க, அதோட சரி” என்று ஆயா முடித்துவிடுவாள்.

அது எந்த ரயில் ரோடு என்று எனக்குப் புரிந்தது இருபத்தெட்டு வயதில், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தபோது. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் 1942-43இல் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. மலேயாத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். சிப்பாய்க்கு ரெஜிமென்ட் இருந்தது, நம்பர் இருந்தது. தோட்டக் கூலிக்கு ஒழுங்காகக் கணக்கு வைத்தவர் யாருமில்லை. நாள் முழுக்க டேட்டாபேஸோடு மாரடிக்கிறவன் என்பதாலோ என்னவோ, காலியாகக் கிடக்கும் அந்தப் பத்தி என்னை ரொம்பவே தொந்தரவு செய்கிறது. 1957இல் வந்து ஆஸ்கர் வாங்கிய ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ இதே ரயில் பாதையைப் பற்றிய படம்தான். படமெடுத்தது இலங்கையின் கிதுல்கலவில். தமிழ்த் தொழிலாளியின் கதை அதில் கிடையாது.

அதனால் தம்பிக்கு நான் சொன்ன வரிசை வேறு. மேப் பிடிபட மருதனின் ‘இரண்டாம் உலகப் போர்’. அடுத்து வெ. சாமிநாத சர்மாவின் பர்மா நடைப்பயண நூல். ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர், 1942இல் லட்சக்கணக்கான இந்தியர்களோடு தானும் அகதியாகக் கிளம்பி வந்தவர். அதற்கப்புறம் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இந்தோனேசியாவின் மேடான் நகரில் வேலை பார்த்தவர் எழுதிய நாவல். ஜப்பான் ஆக்கிரமிப்பு, ஐ.என்.ஏ., நடுவில் பினாங்கு வட்டிக்கடை எல்லாம் வரும். முதல் அத்தியாயங்களில் பல மொழிகள் கலந்தடித்துத் திணறவைக்கும். விட்டுவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் ஸ்ரீநாத் ராகவனின் ‘இந்தியாஸ் வார்’. 2 லட்சம் பேர் இருந்த ராணுவம் 20 லட்சத்தைத் தாண்டியது எப்படி, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான புத்தகம் நான் பார்க்கவில்லை. கதை மாதிரி வேண்டுமென்றால் ரகு கர்நாட்டின் ‘ஃபார்தஸ்ட் ஃபீல்ட்’. 1943 வங்கப் பஞ்சம் பற்றி மதுஸ்ரீ முகர்ஜி எழுதிய ‘சர்ச்சில்ஸ் சீக்ரெட் வார்’ கோபத்தோடு எழுதப்பட்டது. அதன் வாதங்களை மறுக்கிறவர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

“ஃபர்ஸ்ட் வேர்ல்ட் வாருக்கும் நம்ம ஊருக்கும் என்னாண்ணா சம்பந்தம்?”

எம்டனைச் சொன்னேன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். ‘அவன் சரியான எம்டன்’ என்பது இன்னும் நம் வாயில் இருக்கிறது. அந்தக் கப்பலின் அதிகாரி முக்கே எழுதிய நினைவுக்குறிப்பே இருக்கிறது. கடலூர்க்காரனுக்கு இன்னொரு தேதியும் உண்டு. 1918 நவம்பர் 11 போர் நின்றது. நவம்பர் 20, புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதியைக் கடலூர் அருகே பிடித்துச் சிறையில் போட்டார்கள். டிசம்பர் 14தான் விட்டார்கள். சீனி. விசுவநாதனின் காலவரிசைத் தொகுதிகளில் 1914 முதல் 1918 வரை மட்டும் எடுத்துப் படித்தால், புதுச்சேரியில் உட்கார்ந்து அந்தப் போரைப் பார்த்த ஒரு மனிதர் கிடைப்பார்.

பஸ் பு.முட்லூரைத் தாண்டியது. இடதுபக்கம் பரங்கிப்பேட்டை ரோடு. தலைமுறை தலைமுறையாக மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் போன ஊர். தம்பி போனில் புத்தகப் பெயர்களைக் குறித்து முடித்துவிட்டு, “அந்த ஆயாவோட அண்ணன் பேரு என்னாண்ணா?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. சித்திக்கு போன் போட்டான்.

“மலேயா மாமான்னுதான்டா சொல்லுவாங்க” என்றாள் சித்தி. “பேரா? இரு, உங்க பெரியம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்.”

பெரியம்மா என்றால் என் அம்மா. அவளுக்கும் தெரியவில்லை.