‘சாமி’ என்றொரு வசைச்சொல்

ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேடசந்தூர்ச் சாலையில் நூற்பாலை ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். ஜார்க்கண்ட் மாநிலத்துப் பழங்குடிக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஈராண்டில் நம் மொழியை ஓரளவு கற்றுக்கொண்டவர். “சாமி, வடக்கன்னா கெட்ட வார்த்தையா?” என்று கேட்டார். “இல்லை தம்பி, வடக்கேயிருந்து வந்தவர் என்று பொருள்” என்றேன். புன்னகைத்துவிட்டுப் போய்விட்டார். நான் சொன்ன பொருளில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்டது பொருளை அன்று என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை, அவர் என்னை அழைத்த சொல்லிலிருந்தே தேடத் தொடங்கலாம். நம் ஊர்களில் குருவானவரை ‘சாமி’ என்றழைப்பது வழக்கம். அந்தோணிசாமி, மரியசாமி, அருள்சாமி என நம் குடும்பங்களில் எத்தனை சாமிகள்! இச்சொல்லே ஒரு காலத்தில், ஒரு நாட்டில், தமிழரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாக விளங்கியது.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கென ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கொண்டு செல்லப்பட்ட முதல் தொழிலாளர் அதில் இருந்தனர். அவர்களுக்கும், பின்னர் வந்த இந்தியர் அனைவர்க்கும் அங்கிருந்த வெள்ளையர் இட்ட பெயர் ‘கூலி’. உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் நம் சொல், அங்கே மனிதரையே குறிக்கும் சொல்லாயிற்று. வணிகரும் கூலி, 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகளும் ‘கூலி பாரிஸ்டர்’.

தமிழர் பெயர்கள் பல ‘சாமி’ என முடிவதைக் கேட்ட வெள்ளையர், ‘சாமி’ என்பதையும் இந்தியர் அனைவர்க்கும் பொதுப்பெயராக்கினர். காந்தியடிகள் இதனைத் தம் சத்திய சோதனையில் பதிந்துள்ளார். சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் அல்லவே என்று துணிவுள்ள இந்தியர் சிலர் திருப்பிச் சொல்வதுண்டாம். அதைக் கேட்டு நாணியவரும் உண்டு, சினந்து கை ஓங்கியவரும் உண்டு என்கிறார். ஆண்டவனைக் குறிக்கும் சொல்லையே வசையாக்க முடியுமென்றால், குறை சொல்லில் இல்லை. சொல்லும் வாயில் இருக்கிறது.

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய பெயர் ஒன்று உண்டு. சிலுவைப் போர்க் காலத்தில் மேலை ஐரோப்பியரை அரேபியர் ‘பிராங்கு’ இனத்தார் என அழைத்தனர். அச்சொல்லே கடல்வழி வந்து தமிழில் ‘பறங்கி’ ஆயிற்று. அயல்நாட்டிலிருந்து வந்த காய் பறங்கிக்காய். சென்னையருகே போர்த்துக்கீசியர் குடியிருந்த குன்று பறங்கிமலை. ஆனால் மதுரையில் அது மாட்டிறைச்சி உண்டு மது அருந்தும் ஒழுக்கமற்றவர் என்னும் இகழ்ச்சிப் பொருளைப் பெற்றிருந்தது. திருமுழுக்குப் பெற வந்தோரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமும் அன்று இருந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் இதைக் கேட்டுத் திகைத்தார். தாம் பறங்கி அல்லர், உரோமையைச் சேர்ந்த உயர்குடியினர் என அறிவித்துத் துறவுக்கோலம் பூண்டார். அவருடைய மறைபரப்பு முறை குறித்து எழுந்த நெடிய வழக்கில், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

நொபிலியார் அப்பெயரின் வலியை அறிந்தவர். எனினும் அப்பெயரை அவர் துடைக்கவில்லை. தாம் அதினின்று விலகி நின்றார். அவருக்கு முன்பே திருமுழுக்குப் பெற்றிருந்த முத்துக்குளித்துறை மக்கள்மீது அது தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இது அவர்மீது குற்றம் காண்பதற்கன்று. இழிபெயரிலிருந்து தப்புகிறவர் அதைப் பிறர் தலையில் விட்டுச்செல்ல நேரிடும் என்பதை உணர்வதற்கே. வியப்பு என்னவெனில், இலங்கையில் இன்றும் ஐரோப்பிய வழித்தோன்றல்களைத் தமிழில் ‘பறங்கியர்’ என்றே குறிப்பிடுகின்றனர். அங்கே அது வசையன்று. ஒரு சமூகத்தின் பெயர். மதுரையில் சுட்ட சொல் மட்டக்களப்பில் ஆறிப்போயிருக்கிறது.

அதே இலங்கையில் ஆறாத சொல்லும் உண்டு. மதுரை, திருச்சி, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் பல்லாயிரம் குடும்பங்கள் சென்றன. பிற்காலத்தில் சென்றவர்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, இரு அரசுகளும் அறியவே கப்பலேறினர். ஆயினும் அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் ‘கள்ளத்தோணி’ என்ற பெயர் சூட்டப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பெயர் முதலில் வந்ததா, சட்டம் முதலில் வந்ததா என்பதைவிட, ஒன்றுக்கொன்று துணை நின்றன என்பதே உண்மை. உடன் வாழ்ந்த தமிழரிலும் சிலர் அவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்றனர்.

1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. தாயகம் திரும்பியோர் நீலகிரியிலும் நம் கொடைக்கானல் மலைகளிலும் பிற இடங்களிலும் குடியேறினர். அங்கே ‘இந்தியாக்காரன்’ எனப்பட்டவர், இங்கே ‘சிலோன்காரன்’ ஆனார். இலங்கையிலேயே தங்கியவர்களோ, பிறர் இட்ட பெயர்களை ஒதுக்கி, ‘மலையகத் தமிழர்’ எனத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டனர்.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் ஊரையோ தொழிலையோ திசையையோ குறித்தே பிறக்கின்றன. ஒருவருக்குரிய சொந்தப் பெயரின் இடத்தை அவை பறித்துக்கொள்ளும்போதும், வலியவர் வாயிலிருந்து எளியவர்மேல் விழும்போதும் முள்ளாகின்றன. நம் மொழியில் இதற்கு ஓர் எழுத்தே போதும். ‘வடநாட்டவர்’ என்பதன் ஈற்றிலுள்ள ‘ர்’ மதிப்பைத் தருகிறது. ‘வடக்கன்’ என்பதன் ‘ன்’ அதைப் பறித்துக்கொள்கிறது. நம்மவரைத் ‘தோட்டக்காட்டான்’ ஆக்கியதும் அதே ‘ன்’தான்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த மக்கள் இன்று நம் மாவட்டத்து ஆலைகளிலும் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில், தமிழகத்தில் வடநாட்டுத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. அவை பொய்யென அரசு விளக்கியும் பலர் அஞ்சினர். பொய்யை நம்பும் அளவுக்கு அவர்கள் நம்மிடையே அந்நியராய் இருந்தார்களே என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘கிறிஸ்தவர்’ என்னும் நம் பெயரும் நாம் இட்டுக்கொண்டதன்று. அந்தியோக்கியாவில்தான் சீடர்கள் முதன்முதலாக அவ்வாறு அழைக்கப்பட்டனர் எனத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. அது பிறர் இட்ட பெயரே என்பது அறிஞர் பலரின் கருத்து. வெளியார் இட்ட பெயரைச் சுமந்தே நாம் பிறந்தோம்.

அடுத்த ஞாயிறு அவ்விளைஞரைக் கண்டு, என் விடையைத் திருத்திக்கொண்டேன். “அந்தச் சொல் கெட்டதில்லை தம்பி, உங்களை அப்படிக் கூப்பிடுவதுதான் கெட்டது” என்றேன். பிறகு, ஈராண்டாகக் கேட்காதிருந்ததைக் கேட்டேன்: “உங்கள் பெயர் என்ன?” அவர் சொன்னார். வீட்டில் அழைக்கும் பெயரையும் சேர்த்தே சொன்னார்.