மத்தள – மட்டக்களப்பு: வானில் எவ்வளவு நேரம்?

பதுளையில் என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கு இது. மத்தளயிலிருந்து மட்டக்களப்பு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 170 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் பறக்கும் சிறு விமானத்துக்கு 34 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையுமென்பதால் 40, 45 நிமிடம் எனக் கொள்ளலாம். மொனராகலை, அம்பாறை வழியே வீதியில் 200 கி.மீ.க்கு மேல். கணக்கு எளிது; ஏறிப்போகத்தான் ஒழுங்கான பயணிகள் சேவை இல்லை.

மத்தள 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. பதுளையிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாக ஏறத்தாழ 110 கி.மீ. கட்டுநாயக்க அதைப்போல் இரு மடங்கு. ஆனாலும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பெண்கள் முதல்நாள் இரவே வேன் பிடித்து கட்டுநாயக்கவுக்குத்தான் போகிறார்கள். டிக்கெட்டில் அச்சிட்ட பறப்பு நேரத்தில் அந்த இரவு சேர்வதில்லை.