சட்டை உரிக்கும் சாஸ்திரம்

பாம்பு சட்டை உரிப்பதை நேரில் பார்த்தவர்கள் நம்மில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். வேலி ஓரத்தில் கிடக்கிற வெறுஞ் சட்டையைத்தான் பார்த்திருக்கிறோம். பாம்புக்கு அவசரம் இல்லை. கல்லில் உரசி, முள்ளில் உரசி, ஆற அமர அந்தக் காரியத்தைச் செய்துகொள்கிறது. மனிதன் சட்டை உரிப்பதைப் பார்க்க வேண்டுமானால், டிரையத்லான் பந்தயம் நடக்கிற குளிர்ந்த ஏரிக்கரை எதற்காவது போக வேண்டும். அங்கே அவசரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் செய்து முடிப்பதுதான் டிரையத்லான். ஒலிம்பிக் பந்தயத்தில் 1.5 கிலோமீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாடகத்தில் காட்சிக்குக் காட்சி திரை விழும். வேஷம் மாற்ற அவகாசம் கிடைக்கும். இங்கே திரையும் கிடையாது, அவகாசமும் கிடையாது. நீரிலிருந்து ஏறிச் சைக்கிளைப் பிடிக்கிற வரையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த இடைவேளைக்கு ‘டிரான்ஸிஷன்’ என்று பெயர். கதை எழுதுகிறவனுக்கு எப்போதுமே இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே இருக்கிற இடத்தில் ஒரு கண் உண்டு. இந்தப் பந்தயத்தின் சரித்திரத்தை நான் தேடிப் படித்ததற்கு அதுதான் காரணம்.

ஆரம்பத்தில் இது ஒரு விளையாட்டுக் கூத்தாகத்தான் இருந்தது. 1974 செப்டம்பர் 25-ஆம் தேதி, அமெரிக்காவில் ஸான் டீகோ நகரத்து மிஷன் பே என்னும் இடத்தில் ஜாக் ஜான்ஸ்டன், டான் ஷானஹான் என்ற இரண்டு ஓட்டக்காரர்கள் ஒரு மாலைப் பந்தயம் ஏற்பாடு செய்தார்கள். 46 பேர் வந்து சேர்ந்தார்கள். ஓட்டம், சைக்கிள், நீச்சல், நடுநடுவே மணலில் வெறுங்கால் ஓட்டம் என்று எல்லாம் கலந்து கட்டிய அவியல். அன்று கலந்துகொண்டவர்களில் ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரியும் அவர் மனைவி ஜூடியும் உண்டு. அந்தத் தம்பதிகள்தான் பிற்பாடு ஹவாய்த் தீவுக்குப் போய், 1978 பிப்ரவரி 18-ஆம் தேதி ‘அயன்மேன்’ என்ற மகா பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர்கள். 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிஷம் 58 விநாடி ஆயிற்று. அவ்வளவு நீண்ட பந்தயத்தில் உடை மாற்ற ஐந்து நிமிஷம் கூடுதலானால்தான் என்ன? தவிர, ஹவாய்க் கடல் வெதுவெதுப்பானது. அங்கே ரப்பர் சட்டைக்கு வேலையே இல்லை.

அந்த ரப்பர் சட்டையின் கதை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. 1930-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில், வாலஸ் கரோதர்ஸ் என்ற ரசாயன விஞ்ஞானியின் கூடத்தில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் பிறந்தது. ஐந்து வருஷம் கழித்து நைலான் பிறந்ததும் அதே மனிதரின் கூடத்தில்தான். உலகத்துக்கு இரண்டு உடைகளைக் கொடுத்த அந்த மகானுபாவர், மனம் நொந்து 1937-ல் தம் கையாலேயே உயிரை மாய்த்துக் கொண்டார்.

யுத்தம் முடிந்த பிறகு, பெர்க்லி சர்வகலாசாலையில் ஹ்யூ பிராட்னர் என்ற பௌதிக விஞ்ஞானி இருந்தார். லாஸ் அலமாஸில் அணுகுண்டு வேலையில் பங்கு கொண்டவர். கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் குளிரில் விறைத்துப் போவதற்கு என்ன பரிகாரம் என்று அவர் யோசித்தார். அதுவரை எல்லோரும், தண்ணீர் உள்ளே வராதபடி உடையை அடைப்பது எப்படி என்றே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிராட்னரோ 1951-ல் எழுதிய ஒரு கடிதத்தில், உடம்பு நனையட்டுமே, நனைந்தால் என்ன என்கிற கருத்தைச் சொன்னார். சூட்டைக் காப்பது, துணிக்குள் சிறைப்பட்டிருக்கும் காற்றுக் குமிழிகள். அவை இருந்தால் போதும், உடம்பு உலர்ந்திருக்க வேண்டியதில்லை. நுரை போன்ற நியோப்ரீன் அதற்குச் சரியாக அமைந்தது. உள்ளே புகுந்த தண்ணீர் சூடாகித்தான் உடம்பைக் காக்கிறது என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறோம். அது பாதி உண்மைகூட இல்லை. பாராட்டெல்லாம் குமிழிகளுக்கே உரியது.

வெற்றி பெற்ற குழந்தைக்குத் தகப்பன்மார் பலர். ஸான்பிரான்ஸிஸ்கோவில் 1952-ல் கடை வைத்த ஜாக் ஓநீல் ஒருவர். ரிடாண்டோ கடற்கரையில் கடை வைத்த மெய்ஸ்ட்ரெல் இரட்டையர் இருவர். இவர்கள்தாம் அந்தச் சட்டையை அலை மேல் சறுக்குகிறவர்களுக்கெல்லாம் விற்றுப் பரப்பியவர்கள். அதனால் சம்பாதித்தவர்களும் அவர்கள்தாம். யோசனையைச் சொன்ன பிராட்னர் அதிலிருந்து பெரும் செல்வம் எதையும் சேர்க்கவில்லை. 2008-ல் தம் 92-வது வயதில் காலமானார். என் ஓட்டு அவருக்கே.

அந்தக் காலத்து நியோப்ரீன் உடம்போடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். உடம்பெல்லாம் முகப் பவுடரை அப்பிக்கொண்டுதான் அதற்குள் நுழைய முடியும். பிற்பாடு உட்புறத்தில் நைலான் துணியை ஒட்டினார்கள், வழுக்கிக்கொண்டு போயிற்று. கரோதர்ஸின் இரண்டு பிள்ளைகளும் இப்படி ஒரே சட்டையில் சேர்ந்துகொண்டார்கள்.

குளிர்ந்த நீரில் டிரையத்லான் நடத்தத் தொடங்கியதும் பந்தயக்காரர்களும் இந்தச் சட்டையைத் தேடி வந்தார்கள். 1987-ல் டான் எம்ஃபீல்ட் என்பவர் ‘கிண்டானா ரூ’ என்ற கம்பெனியைத் தொடங்கி, நீந்துகிறவர்களுக்கென்றே தோளில் நன்றாக நெகிழ்கிற, வெளிப்புறம் வழவழப்பான ஒரு சட்டை செய்தார். குளிரைத் தடுத்ததோடு அது இன்னொரு மாயமும் செய்தது. குமிழிகள் உடம்பை மிதக்கவிட்டன. இடுப்பும் காலும் மேலே எழும்பின. சுமாராக நீந்துகிறவன்கூட வேகமாகப் போனான். ஆனால் நீரில் சம்பாதித்ததைக் கரையில் தொலைக்கலாமா? தண்ணீரில் மணிக்கணக்காக இருப்பதற்கென்று கண்டுபிடித்த உடைக்கு, எவ்வளவு சீக்கிரம் கழற்றலாம் என்பது இப்படித்தான் ஒரு பரீட்சையாக வந்து வாய்த்தது.

இதில் அடங்கிய சூட்சுமம் நம் சமையலறையிலேயே இருக்கிறது. ஊறவைத்த பாதாம் பருப்பை விரலால் அழுத்தினால் தோல் தானே வழுக்கிக்கொண்டு வரும். உலரவிட்டுப் பாருங்கள், நகம் தேய்ந்துபோகும். சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற தண்ணீர்தான் எண்ணெய். அது வடிந்துவிட்டால் ரப்பர் தோலைக் கவ்விக்கொள்கிறது. ஆகையால் கெட்டிக்காரன் நின்று மூச்சு வாங்குவதில்லை. கரையேறி ஓடும்போதே கழுத்துப் பட்டையைத் திறந்து, முதுகில் தொங்கும் நீண்ட நாடாவை இழுத்து ஜிப்பை விடுவிக்கிறான். தோள் இரண்டையும் உரித்துக் கைகளை உருவுகிறான். சைக்கிள் நிற்கிற இடத்துக்கு வருவதற்குள் சட்டை இடுப்பில் தொங்குகிறது. குல்லாயையும் கண்ணாடியையும் கையில் பிடித்தபடியே உருவி, அவற்றைச் சட்டைக் கைக்குள்ளேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

பாக்கி இருப்பது கால். அங்கேதான் ஆபத்து. இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒரு காலால் சட்டையை மிதித்துக்கொண்டு மற்றக் காலை உருவ வேண்டும். உட்கார்ந்தால் நேரம் போயிற்று. ஒற்றைக் காலில் தள்ளாடினால் மானம் போயிற்று. கணுக்காலில் நேரக் கணக்குக்காகக் கட்டியிருக்கும் சில்லுப் பட்டை வேறு மாட்டிக்கொள்ளும். இதற்காகவே சிலர் சட்டையின் கால் நுனியை இரண்டு விரற்கடை வெட்டிவிடுகிறார்கள். கணுக்காலில் முன்கூட்டியே வழுக்குத் தைலம் தடவுகிறார்கள். மண்ணெண்ணெய் வர்க்கத்துக் களிம்பு ரப்பரைக் கெடுக்கும் என்று அதைத் தவிர்க்கிறார்கள். நகத்தால் பற்றி இழுக்கவும் கூடாது. வழவழப்பான ரப்பர் காகிதம்போலக் கிழிந்துபோகும். விரலின் சதையால்தான் பற்ற வேண்டும்.

பெரிய அயன்மேன் பந்தயங்கள் சிலவற்றில் இந்தத் தொல்லைக்கென்றே தொண்டர்கள் நிற்பார்கள். பந்தயக்காரர் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்க வேண்டியது. இரண்டு பேர் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பு! கூலி கேட்காத அந்தச் சேவையை நான் மிகவும் மெச்சுகிறேன்.

ஒலிம்பிக்கில் அந்தச் சலுகை கிடையாது. கழற்றிய உடைமைகளைத் தன் பெட்டிக்குள் போட வேண்டும். தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளை நகர்த்தலாம். தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டிய பிறகே ஏறலாம். அவசரத்துக்கு அங்கே அபராதம் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் பந்தயத்தில் ஸ்விட்ஜர்லாந்தின் நிகோலா ஸ்பிரிக், ஸ்வீடனின் லிஸா நோர்டேன் இருவருக்கும் 1 மணி 59 நிமிஷம் 48 விநாடி என்று ஒரே கணக்கு விழுந்தது. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் ஸ்பிரிக்குக்கு என்று சொன்னார்கள். மூன்று நாள் கழித்து ஆண்கள் பந்தயம். பிரௌன்லீ சகோதரர்களில் இளையவர் ஜானதன், நீரிலிருந்து வந்த வேகத்தில், கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே சைக்கிளில் தாவி ஏறிவிட்டார். தண்டனை 15 விநாடி. ஓட்டத்தின் நடுவே அவர் அபராதக் கட்டத்துக்குள் நின்று அந்த 15 விநாடியையும் கழித்தார்.

அண்ணன் அலிஸ்டர் 1 மணி 46 நிமிஷம் 25 விநாடியில், கொடியைப் பிடித்தபடி கடைசி அடிகளை நடந்தே வந்து தங்கம் பெற்றார். ஸ்பெயினின் ஹாவியர் கோமெஸ் 11 விநாடி பின்னால். ஜானதன் அவருக்கும் 20 விநாடி பின்னால் வந்து, மயங்கி விழுந்தார். அவர் தெளிகிற வரையில் பதக்கம் வழங்கும் வைபவம் தாமதித்தது. அந்த 15 விநாடியைக் கழித்துப் பார்த்தாலும் வெள்ளிக்கு 5 விநாடி குறைகிறது என்று கணக்குப் பிள்ளைகள் சொல்லிவிடலாம். ஆனால் நிற்காமல் ஓடியிருந்தால் கோமெஸின் முதுகு எவ்வளவு தூரத்தில் தெரிந்திருக்கும் என்பதை எந்தக் கணக்குப் பிள்ளையிடம் கேட்பது?