வெக்கை நோய் கற்றுத் தந்த பாடம்



தியாகத் திருநாள் நெருங்கும்போது அடையாற்றிலும் வீட்டு வாசல்களில் குர்பானி ஆடுகளைக் காண்கிறோம். வெவ்வேறு சந்தைகளிலிருந்து வந்த ஆடுகள் ஒரே வாளியில் நீர் அருந்துகின்றன. அதைக் காணும்போது, நம் நாடு வென்ற ஒரு கொள்ளைநோயின் வரலாறு நினைவுக்கு வருகிறது.

அது மாடுகளைத் தாக்கிய வெக்கை நோய். கடுஞ்சுரம், வாய்ப்புண், கழிச்சல் என வந்து சில நாள்களில் உயிரைப் பறித்துவிடும். உழவு மாட்டை இழந்தவனின் நிலம் தரிசாகும். குடும்பம் கடனில் மூழ்கும். மாட்டுக் கொள்ளைநோய்களை ஆராய ஆங்கிலேய அரசு அமைத்த ஆணையம் 1871இல் அறிக்கை அளித்தது. 1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. 1954இல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் இந்நோய் கடைசியாக 1995இல், நம் தமிழ்நாட்டில்தான் பதிவாயிற்று. 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் ஒழித்த இரண்டாவது நோய் இதுவே.

இவ்வெற்றிக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று தடுப்பூசி. மற்றொன்று, நோயுற்றதைப் பிரித்து வைத்தல். இந்நோய்க்கிருமி மாட்டின் உடலுக்கு வெளியே நெடுநேரம் வாழாது. சந்தைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட மாட்டோடுதான் அதுவும் ஊர் விட்டு ஊர் சென்றது.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டு செல்லக் கூடாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். தொற்று இல்லை என்று கூறும் நபிமொழியும் உண்டே எனச் சிலர் வினவுவர். அல்லாஹ்வின் நாட்டமின்றி நோய் தானாகப் பரவாது என்பதே அதன் கருத்து என்றும், காரணங்களைத் தவிர்ந்துகொள்வது நம் கடமை என்றும் அறிஞர்கள் பலர் விளக்கியுள்ளனர்.

வெக்கை நோய் போயிற்று. அதன் இனத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லி நோய் இன்னும் இருக்கிறது. இந்தியாவில் அது முதன்முதலில் 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில் செம்மறி ஆடுகளிடையே கண்டறியப்பட்டது. அங்கே எடுக்கப்பட்ட கிருமியை வலுவிழக்கச் செய்து தடுப்பூசியும் உருவாக்கினர். இந்நோய் மனிதரைத் தாக்குவதில்லை. ஆயினும் நாலைந்து ஆடுகளை நம்பி வாழும் ஏழையின் கொட்டிலைக் காலியாக்கிவிடும்.

ஆகவே, ஆடு வாங்கும்போது தடுப்பூசி போடப்பட்டதா எனக் கேளுங்கள். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், இருமல், கழிச்சல் உள்ளதைத் தவிருங்கள். வெளிப்படையாக நோயுற்ற பிராணி குர்பானிக்கும் தகாது. நோய்க்குறி தோன்றுமுன்பே கிருமி பரவக்கூடும் என்பதால், ஒவ்வொரு வீட்டு ஆட்டுக்கும் தனி இடமும் தனி நீரும் வையுங்கள். வாங்கிய பின் ஆடு நோயுற்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நம் நட்டத்தை ஈடுகட்ட அதைச் சந்தையில் விற்றுவிடாதீர்கள். அந்த ஆட்டோடு நோயும் இன்னொருவர் கொட்டிலுக்குச் செல்லும். பிறருக்குத் தீங்கிழைத்துக் காத்த பணத்தில் பரக்கத் ஏது?

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கமும், பிறர் பொருளில் பேணுதலும் உடையோராக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.