ஹாம் ரேடியோ: ஜப்பானில் குறையும் குரல்கள்

முகம் தெரியாத ஒருவரோடு காற்றலையில் பேசும் பொழுதுபோக்குதான் ஹாம் ரேடியோ. ஜப்பானில் 1959ல் மோர்ஸ் தேர்வு இல்லாத எளிய உரிமம் வந்தது. பள்ளி மாணவர்கள்கூட ஹாம் ஆனார்கள். யேசு, ஐகாம், கென்வுட் கருவிகள் உலகெங்கும் விற்றன. 1995ல் உரிமம் பெற்ற நிலையங்கள் 13 லட்சத்தைத் தாண்டின.

பிறகு செல்போன் பரவியது. பேச்சுக்காக மட்டும் வந்தவர்கள் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. இன்று 4 லட்சம்கூட இல்லை. அன்றைய மாணவர்கள் இன்று தாத்தாக்கள்.

2011 நிலநடுக்கத்தில் செல்போன்கள் ஓய்ந்தபோது செய்தி கடத்தியவர்களில் ஹாம்களும் உண்டு. வணிகவியலில் கருவிக்குத் தேய்மானம் போடுவோம். தேய்ந்தால் புதிது வாங்கலாம். பழகிய ஆளை அவசரத்துக்கு எங்கே வாங்குவது, நண்பர்களே?